கார்ட்ரிட்ஜில் தங்கியதும் கழிவோடு போனதும்: ஒரு எஸ்.பி.இ. நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தண்ணீரில் மிகக் குறைந்த அளவில் கரைந்திருக்கும் மருந்துகளை அளப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ஆற்று நீரும் வரும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரும் வரும். இந்த நிகழ்வில் சம்பந்தப்பட்டவை அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்ற மூன்று பீட்டா தடுப்பான்கள், அதாவது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மருந்துகள். ஒரு லிட்டரில் சில நானோகிராம்தான் இருக்கும் என்பதால் முதலில் மாதிரியைச் செறிவாக்க வேண்டும், கூடவே வரும் குப்பையையும் கழிக்க வேண்டும். அதற்குத்தான் திடநிலைப் பிரித்தெடுப்பு. நாங்கள் பேச்சில் எஸ்.பி.இ. என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் முறை இது. 200 மி.லி. மாதிரியைக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, அமிலம் சேர்த்து பி.ஹெச். 3-க்குக் கீழே கொண்டுவந்து, இன்டர்னல் ஸ்டாண்டர்டைச் சேர்ப்போம் (தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்; மருந்தின் சிக்னலை இதன் சிக்னலால் வகுத்த விகிதத்தை வைத்துத்தான் அளவைக் கணக்கிடுவோம்). பிறகு 150 மி.கி. துகள் அடைத்த சின்னக் குழாயான கலப்புமுறை கார்ட்ரிட்ஜில் ஏற்றுவோம். கலப்புமுறை என்றால், உள்ளே இருக்கும் பாலிமர் துகள் எண்ணெய்ப் பசை உள்ள மூலக்கூறுகளையும் இழுக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் நேர்மின் உள்ள மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும். மூன்று மருந்துகளுமே அமீன்கள், அவற்றின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் நேர்மின்னோடு இருக்கும் பி.ஹெச்.) 9.5-ஐ ஒட்டி இருக்கிறது, ஆகவே அமில நீரில் முழுக்க நேர்மின்னோடுதான் இருக்கும். ஏற்றிய பின் 2 சதவீத ஃபார்மிக் அமில நீரில் ஒரு கழுவல், அப்புறம் மெத்தனாலில் ஒரு கழுவல். கடைசியாக 5 சதவீத அம்மோனியா கலந்த மெத்தனால் 6 மி.லி. விட்டு மருந்தை இறக்குவோம். அம்மோனியா அமீனின் நேர்மின்னைப் பறித்துவிடும், பிடி விட்டுப்போகும், மெத்தனாலோடு கீழே வந்துவிடும். இறங்கியதை நைட்ரஜனில் ஆவியாக்கி, அரை மி.லி.-யில் மீண்டும் கரைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்துவோம். ஆக, 400 மடங்கு செறிவு.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக மெட்டோப்ரோலாலுக்கும் ப்ரோப்ரனோலாலுக்கும் அவற்றின் டியூட்டீரிய வடிவங்களே இருந்தன, அதாவது சில ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ள அதே மருந்துகள். அட்டெனோலாலுக்கு மட்டும் தனியாக இல்லை, மெட்டோப்ரோலாலின் டி7 வடிவத்தை (ஏழு டியூட்டீரியம் உள்ளது) வைத்தே அதையும் கணக்கிட்டு வந்தோம். மூன்றும் ஒரே குடும்பம்தானே, ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை.

## முதலில் கண்ணில் பட்டது

ஒரே ஆற்று நீரின் இரட்டை மாதிரிகளில் ஒன்றைத் திங்களன்றும் மற்றொன்றை வெள்ளியன்றும் தயாரித்தார்கள். முதலாவதில் ப்ரோப்ரனோலால் தெளிவாகத் தெரிந்தது, இரண்டாவதில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது. இரண்டு பேட்சின் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளும் தேர்ச்சி. தூய நீரில் மருந்து சேர்த்து ஓட்டிய மாதிரிகள் 96-க்கும் 104 சதவீதத்துக்கும் இடையில் அழகாக நின்றன. அந்த எண்களை நம்பித்தான் நான் பல வாரமாக அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கழிவுநீரில் வேறொரு புகார் ஏற்கெனவே இருந்தது. மருந்து சேர்த்த கழிவுநீர் மாதிரிகளில் அட்டெனோலால் மட்டும் தொடர்ந்து 80 சதவீதத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. ஏற்கத்தக்க எல்லைக்குள்தான், ஆனால் ஒரு தடவைகூட 100-ஐத் தாண்டவில்லை. தற்செயலான பிழை என்றால் மேலும் கீழுமாக ஆடவேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து நின்றதை நாங்கள் "கழிவுநீர் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

## தவறான இடங்களில் தேடிய இரண்டு வாரம்

முதல் சந்தேகம் கருவி மேல்தான் விழுந்தது. அயனி மூலத்தைக் கழற்றித் துடைத்தோம், மருந்துகளைப் பிரிக்கும் குழாயான காலமை (column) மாற்றினோம், அதன் வழியே ஓடும் கரைப்பானான மொபைல் ஃபேஸைப் புதிதாகத் தயாரித்தோம். ஒரு வாரம் போயிற்று. அந்த வாரம் முழுக்க எஸ்.பி.இ. வழியாகப் போகாமல் நேரடியாகச் செலுத்திய ஸ்டாண்டர்டுகளின் பரப்பளவு (சிக்னல் முகட்டின் பரப்பு) ஆடாமல் அசையாமல் இருந்தது. கருவியில் கோளாறு இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அடுத்து, ஏற்றும் முன் கார்ட்ரிட்ஜ் காய்ந்திருக்குமோ என்று பார்த்தோம். சிலிக்கா மேல் பதினெட்டு கார்பன் சங்கிலிகளைக் கட்டிய சி18 என்றால் இது நியாயமான சந்தேகம். மெத்தனாலால் நனைத்த பிறகு காற்று இழுக்கவிட்டால் சி18 சங்கிலிகள் மடிந்து படுத்துவிடும், அதன்பின் நீர் உள்ளே இறங்காது, மருந்து பிடிபடாமலே ஓடிவிடும். எங்களுடையதோ நீரை ஏற்கும் பாலிமர். இருந்தாலும் சோதித்தோம். வேண்டுமென்றே பத்து நிமிடம் காற்றிழுத்த கார்ட்ரிட்ஜ்களுக்கும் ஈரமாகவே வைத்திருந்தவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. பழைய லாட்டில் மிஞ்சியிருந்த கார்ட்ரிட்ஜ்களையும் புதிய லாட்டையும் அருகருகே ஓட்டியதிலும் ஒன்றும் சிக்கவில்லை.

## ரம்பப்பல் வரைபடம்

திருப்பம் பழைய தரவுகளிலிருந்துதான் வந்தது. பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளநிலை ஆய்வாளர், கடந்த பல மாத பேட்ச்களில் மெட்டோப்ரோலால் டி7-இன் பரப்பளவை மட்டும் எடுத்து, தேதி வரிசையில் வரைந்து கொண்டுவந்தார். விகிதத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் பரப்பளவு.

வரைபடம் ரம்பத்தின் பல்போல இருந்தது. திங்களன்று உயரம், செவ்வாய் கொஞ்சம் கீழே, அப்படியே சரிந்து வெள்ளியன்று திங்கள் அளவில் 60 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அடுத்த திங்கள் மறுபடி உச்சி. கடைசிப் பன்னிரண்டு வாரமும் அதே வடிவம். அதற்கு முந்தைய வாரங்களில் ரம்பமே இல்லை, ஏறக்குறைய நேர்கோடு.

தரக்கட்டுப்பாடு ஏன் தேர்ச்சி காட்டியது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. இன்டர்னல் ஸ்டாண்டர்டை ஏற்றும் முன்பே சேர்த்துவிடுகிறோம். மருந்தில் நாற்பது சதவீதம் தொலைந்தால் அதன் டியூட்டீரிய இரட்டையிலும் நாற்பது சதவீதம் தொலையும், விகிதம் மாறாது. அந்தத் திருத்தம் செய்யத்தான் அது இருக்கிறது, அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் அளவிடத் தேவையான சிக்னல் பாதியாகிவிட்டதை விகிதம் ஒருபோதும் சொல்லாது. கண்டறியும் எல்லைக்கு அருகில் இருந்த ப்ரோப்ரனோலால் வெள்ளியன்று காணாமல் போனது அதனால்தான்.

வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது என்ன என்று கேட்டால், பதில் ஒன்றுதான்: அம்மோனியா கலந்த மெத்தனால். மூன்று மாதத்துக்கு முன்புவரை அதை அன்றன்று 100 மி.லி. தயாரித்தார்கள். வேலைப்பளு கூடியபோது, நேரம் மிச்சமாகட்டும் என்று திங்களன்று ஒரு லிட்டராகத் தயாரித்து, கழுவு பாட்டில்களில் ஊற்றிப் புகைப்போக்கிக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்துதான் நடந்தது, நானும் சரி என்றேன். கழுவு பாட்டிலின் மூக்கு எப்போதும் திறந்திருக்கும், புகைப்போக்கியின் காற்றோ நாள் முழுக்க அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மோனியாவுக்கு வெளியேற வேறென்ன வேண்டும்?

## எதையும் கொட்டாமல் ஒரு சோதனை

ஊகம் பிடித்துப்போய் உடனே முறையை மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அந்த இளநிலை ஆய்வாளர்தான் தடுத்தார். "சார், கழிவுப் பாட்டிலுக்குப் போறதையும் ஒரு தடவை பிடிச்சு ஓட்டிப் பாத்துடலாமே? மருந்து எங்க போகுதுன்னு முழுக் கணக்கு வந்துடும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இரண்டாவது கோளாறு இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

தூய நீரில் மூன்று மருந்துகளையும் சேர்த்தோம். ஏற்றக் கழிவை (மாதிரியை ஏற்றும்போது கார்ட்ரிட்ஜ் வழியாகக் கீழே வரும் நீர்) நேரடியாகக் கருவியில் செலுத்தினாலே தெரியவேண்டும் என்பதற்காக, வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடுதலாகச் சேர்த்தோம். ஆறு கார்ட்ரிட்ஜ். ஒவ்வொன்றுக்கும் ஏற்றும்போது கீழே வந்த நீர், அமிலக் கழுவல், மெத்தனால் கழுவல், இறக்கியது என்று எல்லாவற்றையும் தனித்தனிக் குப்பியில் பிடித்தோம். மூன்றைப் புதிதாகத் தயாரித்த கரைசலாலும் மூன்றை ஐந்து நாள் பழைய கரைசலாலும் இறக்கினோம். பழையதால் இறக்கிய மூன்றையும் தூக்கிப்போடாமல், புதிய கரைசலை விட்டு இன்னொரு முறை இறக்கினோம்.

புதிய கரைசல் மெட்டோப்ரோலாலில் சராசரியாக 94 சதவீதத்தை இறக்கியது, பழையது 58 சதவீதத்தை. ஏற்றக் கழிவிலும் இரண்டு கழுவல்களிலும் ஒரு சதவீதம்கூட இல்லை. பழையதால் இறக்கிய கார்ட்ரிட்ஜ்களில் மறுபடி புதிய கரைசல் விட்டதும் மேலும் 36 சதவீதம் வந்தது. 58-உம் 36-உம் சேர்த்தால் 94. மருந்து எங்கும் ஓடிவிடவில்லை, கார்ட்ரிட்ஜிலேயே உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டு மருந்துகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். மெத்தனாலில் எண்ணெய்ப் பசைப் பிடிப்பு தளர்ந்துவிடும், மிஞ்சுவது மின்பிடிப்பு மட்டும். அமீன் பகுதி மூன்றிலும் ஒன்றே என்பதால் மூன்றும் ஒன்றாகத்தான் மாட்டிக்கொள்ளும்.

கரைசலையும் அளந்துவிட்டோம். 10 மி.லி. எடுத்து நீரில் கலந்து, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்ததில், புதியதற்கு 14 மி.லி. அமிலம் செலவானது. ஐந்து நாள் பழையதற்கு 2 மி.லி.யிலேயே நிறம் மாறிவிட்டது. பியூரெட்டைப் பிடித்திருந்தவர் நம்பாமல் இன்னொரு முறை செய்தார், அதே 2 மி.லி. லிட்டருக்கு 0.7 மோல் இருக்கவேண்டிய இடத்தில் 0.1 மோல். அதிலும் ஒரு பங்கு, கார்ட்ரிட்ஜில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் அமிலத்தைச் சமன்செய்யவே செலவாகிவிடும். மருந்தை அவிழ்க்க மிஞ்சுவது சொற்பம்.

## கழிவுநீரில் வேறு கதை

அதே சோதனையைக் கழிவுநீரில் திரும்பச் செய்தோம், இந்தமுறை எல்லாவற்றுக்கும் புதிய கரைசல்தான். கழிவுநீரில் கூட வரும் பொருட்கள் கருவியின் சிக்னலை அமுக்கிவிடும் என்பதால், மருந்து சேர்க்காத அதே நீரையும் ஒரு கார்ட்ரிட்ஜில் ஓட்டி, அதன் ஒவ்வொரு பகுதியிலும் பின்னர் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, அவற்றையே ஒப்பீட்டுக்கு வைத்தோம். இதைச் செய்யாவிட்டால் சிக்னல் அமுங்கியதையும் மருந்து தொலைந்ததையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஏற்றக் கழிவில் அட்டெனோலால் 24 சதவீதம் இருந்தது. மெட்டோப்ரோலால் 6, ப்ரோப்ரனோலால் ஒன்றுக்கும் கீழே. இங்கே மருந்து பிடிபடாமலே நழுவியது. பழைய கரைசலிலோ பிடிபட்டு இறங்காமல் நின்றது. இரண்டுமே கடைசியில் "ரெக்கவரி (மீட்பு) குறைவு" என்ற ஒரே பெயரில் தெரிவதால்தான் ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒளிந்துகொண்டிருந்தது.

ஏன் அட்டெனோலால் மட்டும்? மூன்றிலும் நீர் விரும்பி அதுதான். ப்ரோப்ரனோலாலுக்கு நாஃப்தலீன் வளையம் இருக்கிறது, பாலிமரின் எண்ணெய்ப் பசை ஒன்றே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்டெனோலாலுக்கு அந்த ஆதரவு மிகக் குறைவு, சல்ஃபோனிக் அமிலத்தின் மின்பிடி ஒன்றை நம்பித்தான் அது நிற்கிறது. அந்த இடங்களுக்குக் கழிவுநீரில் கடும் போட்டி. கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் எவ்வளவு கடுமை என்று உறைத்தது. கலப்புமுறை துகள் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிசமானம் (ஒரு மில்லிமோல் மின்னூட்டம்) அயனியைப் பிடிக்கும், ஆகவே எங்கள் 150 மி.கி.-க்கு 0.15. அந்தக் கழிவுநீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,100 மைக்ரோசீமன்ஸ். அதை நூறால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிசமானம் நேரயனி என்று தோராயமாகக் கிடைத்துவிடும், அதாவது 11. நாம் ஏற்றுவது 200 மி.லி., அதில் 2.2 மில்லிசமானம். இடம் 0.15, வந்து நிற்பதோ சோடியமும் கால்சியமுமாக அதைப்போலப் பதினைந்து மடங்கு, அதற்கு மேல் நாம் சேர்த்த அமிலம் வேறு. இந்தக் கணக்கு இரண்டு நிமிட வேலை. முறையை உருவாக்கியபோது யாரும் போடவில்லை, நான் உட்பட.

வேகமும் சேர்ந்துகொண்டது. முறையில் நிமிடத்துக்கு 5 மி.லி. என்று எழுதியிருந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் 200 மி.லி.-யும் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கியிருந்தது, அதாவது நிமிடத்துக்குப் பதினாறு பதினேழு மி.லி. எல்லோரும் வேக்யூம் மானியின் முள்ளைத்தான் பார்த்தார்கள், சொட்டுகளை யாரும் பார்க்கவில்லை. அயனிப் பரிமாற்றத்துக்கு நேரம் வேண்டும், இந்த வேகத்தில் மருந்து துகளின் துளைக்குள் போய்ச் சேரும் முன்பே நீர் கடந்துவிடுகிறது. வேகத்தை உண்மையாகவே 5-க்குக் கொண்டுவந்தபோது அட்டெனோலால் இழப்பு 24-லிருந்து 11 சதவீதமானது. 3 மி.லி. வேகத்தில், மாதிரியையும் 100 மி.லி.-யாகக் குறைத்தபோது 3 சதவீதத்தில் நின்றது.

அந்தப் பழைய 80 சதவீதத்துக்கும் இங்கே கணக்கு நேராகிவிடுகிறது. அட்டெனோலாலில் 76 சதவீதமும் மெட்டோப்ரோலால் டி7-இல் 94 சதவீதமும் கார்ட்ரிட்ஜில் தங்கியிருந்தால், விகிதம் 0.81. இறக்குவதில் இரண்டும் ஒன்றாக நடந்துகொண்டன, பிடிபடுவதில் நடந்துகொள்ளவில்லை.

## எடுத்த முடிவுகள்

அம்மோனியா மெத்தனால் அன்றன்றே, இறக்குவதற்குச் சற்று முன், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில். கழுவு பாட்டில் இந்த வேலைக்கு வரவே கூடாது. இது விவாதமே இல்லாமல் முடிந்தது.

கழிவுநீருக்கு யோசித்தோம். 500 மி.கி. கார்ட்ரிட்ஜுக்கு மாறலாம் என்று ஒரு கருத்து வந்தது. இடம் கூடும், உண்மைதான், ஆனால் இறக்கும் கரைசலும் ஆவியாக்கும் நேரமும் கூடும், மருந்தோடு குப்பையும் கூடுதலாகத் தங்கும். 100 மி.லி. ஏற்றினால் செறிவு 200 மடங்காகக் குறைந்து அறிக்கை எல்லை இரட்டிப்பாகும். கழிவுநீரில் இந்த மருந்துகள் அந்த எல்லைக்கு வெகு மேலேதான் இருக்கின்றன என்பதால் அந்த இழப்பு எங்களைப் பாதிக்காது. ஆகவே 100 மி.லி., நிமிடத்துக்கு 3 மி.லி.-க்கு மேல் போகாமல், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் கடிகாரத்தில் நேரம் குறித்து. ஆற்று நீரின் கடத்துதிறன் 300-ஐ ஒட்டியே இருந்தது, 200 மி.லி.-யிலும் அட்டெனோலால் இழப்பு 3 சதவீதம்தான், எனவே அளவை மாற்றவில்லை, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினோம். அட்டெனோலாலுக்கு அதன் சொந்த டி7 வடிவத்தை வாங்கினோம்.

மனதுக்குக் கடினமாக இருந்தது பழைய முடிவுகளைப் பற்றிய முடிவு. மெட்டோப்ரோலாலும் ப்ரோப்ரனோலாலும் தம் சொந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டால் திருத்தப்பட்டிருந்ததால் அளவிட்ட எண்கள் நின்றன. ஆனால் வார இறுதியில் தயாரித்த மாதிரிகளில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதியது, நாங்கள் அச்சிட்ட எல்லையில் உண்மையில்லை. எல்லை அதைவிட மேலே இருந்தது. கழிவுநீர் அட்டெனோலால் எண்கள் எல்லாமே குறைவு. கணக்குப்படி ஒரு காரணியால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு நாளும் என்ன வேகத்தில் ஓடியது என்று பதிவே இல்லாதபோது எந்தக் காரணியை நம்புவது? உறைநிலையில் மிச்ச மாதிரி இருந்தவற்றை எல்லாம் மறுபடி தயாரித்து ஓட்டினோம். மிச்சம் இல்லாதவற்றின் அறிக்கையைத் திருத்தி, காரணத்தையும் எழுதி, பெற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான்.

## பிறகு நடந்தது

புதிய முறையில் ஆறு மாதம் ஓடியிருக்கிறது. ரம்பப்பல் மறைந்துவிட்டது, இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பளவு வாரம் முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கிறது. மருந்து சேர்த்த கழிவுநீரில் அட்டெனோலால் 100-க்கு இருபுறமும் விழுகிறது, ஒருநாள் 97, இன்னொரு நாள் 103. மறுபடி ஓட்டிய ஆற்று மாதிரிகளில் முன்பு "இல்லை" என்று எழுதிய நான்கில் ப்ரோப்ரனோலால் இருந்தது.

ஒரு பேட்ச் முடிய முன்பைவிட ஒரு மணிநேரம் கூடுதலாகிறது. வேலை நேரத்தை அதற்கேற்ப மாற்றியிருக்கிறோம், அவசரப்படுத்தினால் மறுபடி யாராவது வால்வை முழுக்கத் திறந்துவிடுவார்கள்.

## இன்னொரு முறை என்றால்

கருவியைத் தொடும் முன் பரப்பளவை வரைந்திருப்பேன். இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். இன்டர்னல் ஸ்டாண்டர்டின் வெறும் பரப்பளவுக்கு இப்போது ஒரு எல்லை வைத்திருக்கிறோம். அன்றைய நேரடி ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாதிரியை நிறுத்திவிடுவோம். முறையை உருவாக்கும்போது கடத்துதிறனைப் பார்த்து அந்த இரண்டு நிமிடக் கணக்கைப் போட்டிருப்பேன். "நேரம் மிச்சம்" என்று வரும் சின்ன மாற்றத்துக்குத் தலையாட்டும் முன் பழையதும் புதியதும் மூன்று மூன்று கார்ட்ரிட்ஜ் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன், அரைநாள் வேலைதான் அது.

ஏற்றக் கழிவை இப்போது கொட்டுவதில்லை. ஒவ்வொரு பேட்சிலும் மருந்து சேர்த்த மாதிரியின் எல்லாப் பகுதிகளும் பெயர் எழுதிய குப்பிகளில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கும். அறிக்கையில் கையெழுத்தான பிறகுதான் அந்த இளநிலை ஆய்வாளர் அவற்றைக் காலிசெய்வார்.